ஏழெட்டு ஐம்பத்துநாலு

அம்மா ஒற்றைக்காலில் நின்றதால்தான் போனேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், வெளிநாட்டில் பேர் எடுத்த ஒரு விஞ்ஞானி பிறந்த வீட்டை அவருடைய நினைவு அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். அவருடைய ஆட்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். பிறகு அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே குடியிருந்தது நாங்கள். கூரை ஒழுகினால் ஏறி ஓடு மாற்றியது என் அப்பா. அதே வீட்டுக்குள் சீட்டு எடுத்துக்கொண்டு போவதென்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உள்ளே என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாங்கள் சமைத்த குசினியில் ஒரு தொலைநோக்கி நின்றது. நாங்கள் பாய் போட்டுப் படுத்த அறையில் அவருடைய கோட்டு தொங்கியது. எப்போது வெளியே போகலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ திருவிழாவுக்கு வந்தவர் போல ஆறுதலாக, ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் பார்த்து நடந்தார். வழிகாட்டி ஒரு இளம் பெடியன், பாடமாக்கியதை ஒப்புவித்துக்கொண்டு முன்னால் போனான்.

கடைசி அறைச் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. அதற்குள், ஆணியால் சுவரில் கீறிய ஒரு கணக்கு: 7 × 8 = 54. விஞ்ஞானி ஐயா சின்ன வயதில் எழுதியது என்றான் வழிகாட்டி. மேதைகள் வழமையான விடையோடு திருப்திப்படமாட்டார்கள் என்று விளக்கமும் தந்தான்.

மேதையாவது மண்ணாங்கட்டியாவது. அதைக் கீறியது என் தம்பி. ஏழாம் வாய்பாடு அவனுக்குக் கடைசிவரை ஏறவே இல்லை. ஊரார் வீட்டுச் சுவரைப் பழுதாக்கினான் என்று அம்மா அவனை அகப்பைக்காம்பால் அடித்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. போரின் கடைசிச் சண்டையில் அவன் காணாமல் போனான். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் அவனுடைய ஒரு படம்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. பாதி வீடு இடிந்தும் இந்தச் சுவர் எப்படித் தப்பியதோ தெரியாது.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"சொல்லாதை பிள்ளை. ஐயாவின்ரை எண்டு நினைச்சுத்தான் கண்ணாடி போட்டு வச்சிருக்கிறாங்கள். எங்கடை பிள்ளையின்ரை எண்டு தெரிஞ்சால் நாளைக்கே சீமேந்து பூசிப்போடுவாங்கள்."

அப்படியென்றால் தம்பி இருந்ததே இல்லை என்று ஆகிவிடாதா என்று கத்தாத குறையாகக் கேட்டேன். எனக்கு அம்மாவில் சரியான கோபம். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, உந்தக் கண்ணாடியிலை தூசி பிடிக்க விடாதேங்கோ" என்றார் வழிகாட்டியிடம்.

"ஓமம்மா, ஐயாவின்ரை கையெழுத்தெல்லோ" என்றான் அவன்.

அம்மா சுவரைப் பார்த்தபடி, ஓம் என்று தலையாட்டினார்.