லேமினேஷனுக்குள் ஒரு நர்ஸ்

மாலத்தீவில் ஒரு தீவு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்ததை நானே முதலில் நம்பவில்லை. வீடியோ நேர்காணலில் கேட்ட எல்லாவற்றுக்கும் “யெஸ் மேடம்” என்றுதான் பதில் சொன்னேன். அதில் ஒரு கேள்வி, “உங்கள் பெயர் என்ன?”

திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக நர்சாக இருக்கிறேன். அந்த அனுபவம் மட்டும் போதாது. அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் என் டிப்ளமோவை ஏற்க வேண்டும். அதற்கு அசல் சான்றிதழின் பின்பக்கம் இங்கே அரசு முத்திரை விழ வேண்டும். மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

விடியற்காலையில் திண்டிவனத்தில் ரயிலேறிச் சென்னை போய், அந்த முத்திரை குத்தும் அலுவலகத்தில் வரிசையில் நின்று, சான்றிதழைப் பெருமையாக நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பினார், தட்டினார், டொக் டொக் என்றது.

“லேமினேஷன் பண்ணியிருக்கீங்களே. பிளாஸ்டிக் மேல சீல் எப்படிங்க நிக்கும்?”

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, “சாருக்கு இதுல தட்டு வெச்சு சாப்புடுற பழக்கம் போல” என்றார். வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். தனியாக அழுதால் நன்றாக இருக்காது.

லேமினேஷன் என் வேலை இல்லை, என் மனைவியின் வேலை. கல்யாணமான புதிதில், என்னிடம் சொல்லாமலே, என் சான்றிதழ்கள் அத்தனையையும் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் கொடுத்து லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தாள். அதற்கு முன் சாமி படத்தின் முன்னால் வைத்து மூலையில் குங்குமமும் வைத்திருந்தாள். அதுவும் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்றுவரை புத்தம் புதிதாக இருக்கிறது. அன்று நான் உருகிப் போனேன். எனக்காக யாரும் அப்படி எதையும் செய்ததில்லை.

சண்டை போடுவதென்று வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு வீடு வந்தேன். போனிலேயே விஷயம் தெரிந்திருந்த அவளே முந்திக்கொண்டாள்.

“அன்னிக்கி இன்னா சொன்னீங்க? ‘சூப்பரா கீது, பத்து தலமுறைக்கு நிக்கும்’னு சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிக்கினு நிக்கிறீங்க? இஸ்திரிப் பெட்டிய எடுங்க.”

டூப்ளிகேட் சான்றிதழ் வாங்க மாதக்கணக்கில் ஆகும். எனவே இதைக் கிழிக்காமல் பிரித்தாக வேண்டும். முன்பக்கம் அப்படியே இருக்கட்டும், பின்பக்கத்தை மட்டும் உரிப்போம் என்றாள். நான் பிளேடால் ஓரத்தை வெட்டி, வார்டில் பிளாஸ்திரியைப் பிடுங்குவது போல ஒரே இழுப்பாக இழுக்கப் போனேன்.

“அய்ய, வுடுங்க! உங்க பேஷண்ட்டு கத்துவாங்க, இது கத்தாம கிழியும்.”

துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, நகத்தால் ஒரு நூல் அளவு உரித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல். நான் மின்விசிறியை நிறுத்தினேன். எனக்குத் தரப்பட்ட ஒரே பொறுப்பு அதுதான்.

பாதி உரிந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இப்போது கை கொஞ்சம் நழுவினால் போதும், பயணம் நின்றுவிடும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கை நழுவவில்லை.

பின்பக்கம் கொஞ்சம் மேல்தாள் உரிந்து, அம்மை வடு போல இருந்தது. மறுநாள் அதே கவுண்டர் அம்மா அதைத் தடவிப் பார்த்து, “ஆபரேஷன் யாரு பண்ணாங்க?” என்றார். “வீட்டுல” என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார். மாலையில் முத்திரையோடு கைக்கு வந்தது.

வெளியே வந்து போன் போட்டேன்.

“சீல் குத்திட்டாங்க.”

“பேப்பரு கிழியலயே?”

“இல்ல.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

“அப்போ நெஜமாவே போறீங்களா?”

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் ஆள் நான். அன்று வெறும் “ம்” என்றேன்.

“சரி, ஜல்தி வாங்க. தோசை ஆறிடும்” என்றாள். சென்னையிலிருந்து திண்டிவனம் வருவதற்குள் எந்தத் தோசைதான் ஆறாது?