சிறுமலையில் ஒரு குரங்குக் குல்லா

மூன்று வருடங்களுக்கு முன், அரையாண்டு லீவில் நடந்தது. சிறுமலைக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் நச்சரித்ததில், என் கணவர் தெரிந்தவரிடம் கார் இரவல் வாங்கி வந்துவிட்டார். திண்டுக்கல் வெயிலில் காய்கிற எங்களுக்கு மலை என்றாலே குளிர் பயம். என் ஆறு வயது மகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, கண் மட்டும் தெரிகிற மாதிரி குரங்குக் குல்லாவும் போட்டுவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால், வந்திருந்த பிள்ளைகள் எல்லாமே அதே கோலம்!

வியூ பாயின்டில் நின்று எட்டிப் பார்ப்பதற்குள் பனிமூட்டம் கவிந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவரே தெரியவில்லை. எல்லோரும் அவசரமாகக் கிளம்பினார்கள். நானும் மகளின் கையை இறுகப் பிடித்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே காருக்கு வந்தேன். அப்பாடா என்று குல்லாவைக் கழற்றினால், உள்ளே யாரோ ஒரு பையன்!

“எங்கம்மா எங்க?” என்றான்.

என் மகள் எங்கே என்று நான் யாரைக் கேட்பது? அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பனிக்குள் ஒரு வேன் கிளம்பும் சத்தம். என் கணவர் பையனைத் தூக்கிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போக, நான் பின்னால் ஓடினேன். வேனைத் தட்டித் தட்டியே நிறுத்தினோம்.

எரியோட்டிலிருந்து வந்த குடும்பம் அது. பின்சீட்டில் நாலைந்து குல்லாக்களுக்கு நடுவே என் மகள் குல்லாவை மூக்குவரை சுருட்டிவிட்டு ஜாலியாக மலைவாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்! முன்னால் இருந்த அம்மா, என் கணவர் தோளில் இருந்த பையனைப் பார்த்து அலறினார்.

“ஏத்தா, எம்மகன் ஒங்ககிட்ட இருந்தா, நா கையப் பிடிச்சு ஏத்திவிட்டது யாரு புள்ளய?”

அவர் அழ, நான் அழ, வேனே சிரித்தது. என் மகளோ இறங்க மாட்டேன், இந்த வண்டியிலேயே வாரேன் என்று அடம். கடைசியில் அங்கேயே துண்டை விரித்து, அவர்கள் புளிசாதமும் தொட்டுக்கொள்ள எங்கள் வெஞ்சனமுமாக எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதிலிருந்து ஒவ்வொரு அரையாண்டு லீவுக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்தே மலையேறுகிறோம். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். சத்தியமாக, அந்த வியூ பாயின்டிலிருந்து இன்றுவரை நான் எதையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. யார் பிள்ளை என்று தெரியாமலே அன்றைக்கு நாங்கள் இரண்டு அம்மாக்களும் பிடித்த கையை விடாமல் இருந்தோமே, அந்த நினைப்புதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே கூட்டிப் போகிறது.