அறுபதாம் பக்கத்தில் நின்ற நஸீரா டீச்சர்

நஸீரா டீச்சர் காலமாகிவிட்டார், வஃபாத் என்று சனிக்கிழமை காலை போன் வந்தபோது, அவர் தந்த பதினோராவது புத்தகம் என் மடியில் விரிந்திருந்தது. முந்திய நாளே எனக்குப் பயம் பிடித்திருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒரு பென்சில் கீறுகூட இல்லை.

மாத்தளையில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கு அந்தக் கீறுகள் தெரியும். டீச்சர் பக்கத்தின் முனையை மடிக்கமாட்டார். அன்றன்று நிறுத்திய வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறு போட்டுவிட்டு மூடிவைப்பார்.

ஜனவரியில் ஒருநாள் என் புத்தக அலுமாரியைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒங்கள மாதிரியே யோசிக்கிற ஆம்பளைங்கதானே சேர். கண்ணாடி பாக்குறதுக்கா வாசிக்கிறீங்க?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வருடம் மாதம் ஒரு புத்தகம் அவரே தெரிந்தெடுத்துத் தருவது என்று முடிவாயிற்று. முதலில் அவர் வாசிப்பார், பிறகு நான். முடிவை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஒரு சிங்களப் பெண் எழுதிய நாவலைச் சிங்களத்திலேயே எழுத்துக்கூட்டி முடித்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவரின் கதைகளைத் தந்தபோது, லயத்து வரிசைவீட்டில் பிறந்தவனுக்கே லயத்தைப் பற்றியா என்று முறைத்தேன். என் அம்மா ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது அதை வாசித்துத்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஜனவரியில் முப்பது பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கீறுகள் ஜூனில் ஐந்து பக்கத்துக்கு ஒன்றாயின. ரசித்து வாசிக்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டு, வெயில் என்பார். மழை பெய்துகொண்டிருக்கும். கொடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கேட்பதையும் விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் மாதத்து நாவலில் ஒரு மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். கீறுகள் அறுபதாம் பக்கத்தோடு நின்றிருந்தன. “மிச்சத்த நீங்க சொல்லுங்க சேர். அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துருச்சா?” என்று கேட்டார். என்னைச் சோதிக்கிறார் என்று எண்ணி, சட்டம் நீங்கள் போட்டதுதானே, வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேலி செய்தேன். அடுத்த மாதமும் கேட்டார். அப்போதும் சிரித்து மழுப்பினேன். அவர் தேநீரைக் குடித்தார். தன் நோயைப் பற்றி எங்களில் ஒருவரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அலுவிகாரையில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் அவருடைய கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா சேர். ஏதோ ஒரு கதையில புள்ள ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சான்னு. ஒங்களுக்குத்தான் தெரியுமாம்.”

“வந்துருச்சு நானா.”

அவர் தலையாட்டினார். ஆகஸ்டில் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதற்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்த நாவல் என்னிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் யார் ஒரு கதையின் முடிவைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?