ஐஸ் பெட்டியின் கம்ப்ரசர்

பம்மலில் கார் ஏசி பழுதுபார்ப்பவர் ஏகநாதன். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுகிறது என்று யார் வண்டியைக் கொண்டுவந்தாலும், கேஸ் அளவைப் பார்க்கும் முன், முன்பக்கம் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் குப்பை அடைத்திருக்கிறதா என்றுதான் குனிந்து பார்ப்பார்.

2006 மே மாதம் அவர் மனைவி சந்திரிகா இறந்துபோனாள். மகள் நிஷா மஸ்கட்டிலிருந்து மறுநாள்தான் வர முடியும். அதுவரை முகம் மாறிவிடக் கூடாதே என்று வாடகைக்கு ஐஸ் பெட்டி வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அதன் கம்ப்ரசர் உறுமுவதும் உடனே நிற்பதுமாக இருந்தது. உள்ளே குளிர் குறைந்துகொண்டே வந்தது.

"அது அப்டித்தான் சார் ஓடும்" என்றான் பெட்டிக்காரன்.

"என்கிட்டயே சொல்றியா?" என்று ஏகநாதன் தரையில் படுத்துப் பார்த்தார். கால்மாட்டில் குவிந்திருந்த மாலைகள் பெட்டியின் சூடு வெளியேறும் வழியை அடைத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்தார்.

சந்திரிகாவின் தங்கை சாமுண்டீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மாமா இது? அக்காவுக்குப் போட்ட மாலைய நீயே எடுக்கிறியே!"

"காத்து போவலன்னா மிஷின் நின்னுடும் சாமுண்டி. கொயந்த வந்து அவ மூஞ்சியப் பாக்க வேணாமா?"

அதன்பின் யாரையும் அங்கே மாலை வைக்க விடாமல் காவல் இருந்தார். கம்ப்ரசர் சீராக ஓடியது. நிஷா வந்து, அம்மாவின் முகத்தைக் கண்ணாரப் பார்த்தாள்.

எடுக்க நேரமாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கப் போன பெட்டிக்காரனின் கையை ஏகநாதன் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தானே ஓடிகினு கீது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்பா."