பாதாளக் கேசட்டின் குறைகள்

கனகலட்சுமியின் வாய் சும்மா இருக்காது என்பது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூற்று நாலில் டிவி கேம் கடை போட்டாள். கேசட்டை வாடகைக்கு விடுவாள். அங்கேயே உட்கார்ந்து ஆடவும் இரண்டு டிவி. பொம்பளைக்கு எதற்கு இந்தக் கடை என்றவர்களிடம், "ஆம்பளைக்கு மட்டும் எதுக்காம்?" என்றாள். அவள் ஆடிப் பார்க்காத கேசட் கடையில் கிடையாது. பார்த்த நல்லது கெட்டதை வாசல் கரும்பலகையில் எழுதிவிடுவாள்.

கடை இருந்த அறை அவள் கணவரின் அண்ணன் பூமிநாதனுடையது. பக்கத்திலேயே அவருடைய நூல் கடை. போணி ஆகும் முன் சரக்கைக் குறை சொன்னால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று நம்புகிறவர். இவளோ கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்வாள். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாதாளக் கேசட் வந்தது. காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் வற்றிய கிணற்றுக்குள் இறங்குகிறாள். அடியில் ஒரு ராஜ்ஜியமே இருக்கிறது. எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன படம்தான். ஆனால் நாலே நாலு நீலக் கட்டத்தை வைத்துச் சுவரில் தண்ணீர் கசிய வைத்திருந்தான் அதை வரைந்த மகராசன். கனகலட்சுமி சொக்கிப்போனாள். இங்கிலீஷ் வசனத்தை அகராதி வைத்துப் படித்தாள், சுரங்கங்களை நோட்டில் வரைந்தாள். கரண்டு போகும்போதெல்லாம் முதலிலிருந்து ஆடினாள். பதினோராம் நாள் ஏழாவது மண்டபத்தில் வழியில்லாமல் நின்றாள். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

பலகையில் எழுதினாள்: "படம் அருமை. கதை அதைவிட அருமை. புது ஆயுதத்தோடு பழைய இடத்துக்குத் திரும்பிப் பூட்டிய கதவைத் திறப்பது தனி சுகம். ஆனால் பாதியில் சேமிக்க முடியாது. பொத்தானை அமுக்கி அந்தப் பெண் திரும்புவதற்குள் பூதம் அடித்துவிடுகிறது. முடிவே கிடையாது. கதைக்காக எடுத்தால் ஏமாறுவீர்கள்."

பூமிநாதன் படித்துவிட்டு வந்தார். "இன்னொரு தடவ இப்பிடிக் குறை எழுதுனா அறையக் காலி பண்ணிரணும்மா."

இரண்டு நாள் கழித்து நரிக்குடி பஸ் கண்டக்டர் சங்கையா கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பலகையைப் படித்தும் வீம்புக்கு அதே கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போனவர். "தங்கச்சி, அந்த மண்டபத்துல இடது சுவர மூணு தரம் அடி. ஒடையும்."

அடித்தாள். உடைந்தது. சுவருக்கு அப்பால் அண்ணன் ராஜாவாக உட்கார்ந்திருந்தான். மேலே வரமாட்டேன் என்றான். அந்தப் பெண் தனியாக ஏறி வந்தாள். கனகலட்சுமி அழுதே விட்டாள். அழுகை நின்றதும் அவமானம் பிடுங்கித் தின்றது. முடிவே இல்லை என்று ஊருக்கே சொல்லியிருக்கிறாளே!

விஷயம் தெரிந்து பூமிநாதன் வந்தார். "பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டு, நல்ல கேசட்டுன்னு மட்டும் எழுது. தப்பு எம்மேலன்னு நீயே சொன்னா நாளைக்கு எவன் ஒம் பேச்ச நம்புவான்?"

அதுதான் சுருக்கென்றது. அவள் பேச்சை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்; அது போனால் கடையில் வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் சாக்பீஸை எடுத்தாள். "முடிவு இருக்கிறது. இல்லை என்று நான் எழுதியது தப்பு. சரியாகத் தேடாதது என் குறை. சேமிக்க முடியாதது கேசட்டின் குறை. அது அப்படியேதான் இருக்கிறது."

பூமிநாதன் சாவிக்குக் கை நீட்டினார். "இந்தாங்க அத்தான்," என்று கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் டிவிகளை ரிக்‌ஷாவில் ஏற்றினாள். மாவு மில் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. முதல் மாதம் ஈ ஓட்டினாள். பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பூமிநாதனே தகரத்துக்குள் குனிந்து வந்தார். மகள் கல்யாணச் சீருக்குக் கலர் டிவி வாங்க வேண்டும். கையில் இரண்டு கம்பெனி நோட்டீஸ்.

"இதுல எதும்மா ஒழுங்கா ஒழைக்கும்?"

"விக்கிறவுகட்டக் கேக்கலையா அத்தான்?"

"கேட்டேன். ரெண்டையுமே நல்லாருக்குங்கான். அவன் பேச்ச எப்பிடிம்மா நம்புறது?"

கனகலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லது கெட்டதச் சொன்னதுக்குத்தான அத்தான் என்னயக் காலி பண்ணச் சொன்னீக?"

அவள் நோட்டீஸ்களை வாங்கிப் பிரித்து, இரண்டு டிவியிலும் என்னென்ன கோளாறு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.