ஊருக்கெல்லாம் சேர்த்து வந்த ஏச்சு

நாங்கள் அப்போது கத்தாரில், தோஹா நகரத்தில் ஒரு பழைய வில்லாவைத் தடுத்துப் பிரித்த இரண்டு அறைகளில் குடியிருந்தோம். எனக்கு ஊருக்கு வெளியே ராஸ் லஃபான் தொழிற்பேட்டையில் ஸ்டோர் கீப்பர் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டரைப் பூஜை அலமாரிக்கு நேர் எதிரே வைத்திருந்தோம். முருகன் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கண்டதையும் திறக்க மாட்டாள் என்று என் மனைவி செய்த ஏற்பாடு அது.

மகளுக்கு வெள்ளைக்காரப் பையன்கள் ஐந்து பேர் பாடும் ஒரு பாட்டுக் குழுவின் மேல் உயிர். அதில் ஒருவன் விலகிப் போய்விட்டான். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியம் ஒன்று இணையத்தில் உண்டல்லவா? அதில் அந்தக் குழுவைப் பற்றிய பக்கத்தில், விலகியவன் எழுதிய பாட்டுகளை இன்னொருவன் பெயரில் போட்டிருந்தார்களாம்.

"சிடி கவர்லயே அவன் பேர்தான்ப்பா இருக்கு. இது அநியாயம் இல்லையா?" என்றாள்.

அநியாயம்தான், திருத்து என்றேன். திருத்தினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், மகள் கம்ப்யூட்டர் முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் அந்தக் குழுவின் பக்கத்தில் அசிங்கமாக எழுதியிருக்கிறீர்கள், இன்னொரு முறை செய்தால் எழுதவிடாமல் தடுப்போம் என்று. எழுதியது இன்னதென்றும் காட்டியது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் அந்தச் சொற்கள் தெரியும். சைட்டில் ஃபோர்மேன் வாயில் தினமும் கேட்பவைதான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இதெல்லாம் எங்க படிச்ச நீ?"

"நான் எழுதலம்மா!"

"பின்ன முருகனா வந்து எழுதினாரு? நம்ம பொட்டிக்குத்தானே வந்திருக்கு?"

கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். நான் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். சாமிக்கு முன்னால் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. "அவ எழுதலன்னா எழுதல. சும்மா கெட" என்றேன்.

"அப்போ நீங்க எழுதினீங்களா?" என்றாள் மனைவி. கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிப் போட்டாள். மகள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், நிஜமாகவே நம்புகிறீர்களா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

விடுமுறை முடிந்து டியூட்டிக்குப் போனதும், சைட் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற நாகர்கோவில் தம்பியிடம் சொன்னேன். அவன் தன் கம்ப்யூட்டரில் அந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தான். அங்கேயும் அதே ஏச்சு!

"அண்ணாச்சி, என்னையும்லா ஏசுதான்!" என்று சிரித்தான். பிறகு விளக்கினான். "இந்த நாட்டுல யாரு நெட்டுல எழுதினாலும் வெளிய போறதுக்கு ஒரே வாசல்தான். அவங்களுக்கு நம்ம எல்லாருக்கும் சேர்த்து ஒரே நம்பர்தான் தெரியும். எவனோ ஒருத்தன் எழுதிருக்கான், ஊருக்கே ஏச்சு. மவள ஏசாதீங்க."

பஸ் ராஸ் லஃபானை விட்டுக் கிளம்பி வீடு வந்து சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறந்ததும் சொன்னேன். மனைவி வயரை எடுத்து அவளே செருகினாள். அன்று இரவு தோசைக்கு மகளுக்கு மட்டும் இரட்டைப் பங்கு நெய்.

எனக்கு அதோடு விட மனம் வரவில்லை. ஏச்சு எல்லோருக்கும் வருகிறதென்றால், எழுதியவனுக்கும் வந்திருக்கும். நாம் அதன் கீழே பதில் போட்டால் அதையும் அவன் பார்ப்பான். மகளைத் தட்டச் சொன்னேன். "இதை எழுதிய தம்பிக்கு: நீ செய்ததற்கு இங்கே ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை ஏச்சு வாங்கினாள். அவள் நல்ல பிள்ளை. நீயும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாய். இனி எழுதாதே. கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்."

"அப்பா, இங்கல்லாம் யாரும் இப்படி எழுத மாட்டாங்கப்பா. மானம் போகுது."

"நான் எழுதுவேன். நீ தட்டு."

ஆங்கிலத்தில் போட்டாள். கடவுளை விட்டுவிட்டாளா என்று கேட்டேன். இல்லை, போட்டிருக்கிறேன் என்று காட்டினாள்.

சில நாள் கழித்து நான் குளித்துக்கொண்டிருக்கும்போது மகள் கதவைத் தட்டினாள். "அப்பா, சீக்கிரம் வாங்க!" ஈரத்தலையோடு வந்து பார்த்தேன். எங்கள் கடிதத்தின் கீழே ஒரே ஒரு வரி. "சாரி அங்கிள்."

இரண்டின் அடியிலும் கையெழுத்தாக அதே நம்பர். தெரியாதவர்கள் பார்த்தால், நானே புத்தி சொல்லி நானே மன்னிப்பும் கேட்டுக்கொண்டதாகத்தான் நினைப்பார்கள்.

மனைவி அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். "அங்கிள்னா நம்ம ஊர்ப் பயதான். எந்த வீட்டுப் பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்று முருகன் பக்கம் கையைக் கூப்பினாள்.

மகள் அதற்குள் அந்தக் கலைக்களஞ்சியத்தில் தனக்கென்று ஒரு பெயரைப் பதிவு செய்துகொண்டு, விலகிப்போன அந்தப் பையனின் பாட்டுகளை மறுபடியும் ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்துவிட்டாள்.