ஹாண்ட்பிரேக்கை இழுத்தவன்

ஜெர்மனியில், காசு கட்டினால் யாரும் ஓட்டக்கூடிய பிரபலமான பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சுற்றாவது ஓட்டவேண்டும் என்பது என் நண்பன் ஜெயத்தின் பல வருடக் கனவு. நியூசிலாந்தில், ஒக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கிப் பக்கம் பார்க்கும் வேர்ஹவுஸ் வேலையில் லீவு சேர்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

வாடகைக் கார் கைக்கு வந்ததும், "முதல் நான் ஓடிக் காட்டுறன், பார்த்துப் பழகு" என்றேன். ஒக்லாந்தில் மனுரேவா மோட்டர்வேயில், மெதுவாகப் போகிறவர்களின் இடது லேனை விட்டு அசையாதவன் நான்.

மூன்றாவது வளைவில் பின்னால் ஒரு கார் இரைந்துகொண்டு வந்தது. வழிவிட சிக்னல் போட்டேன். ஒக்லாந்துக் காரில் சிக்னல் இருக்கும் பக்கத்தில் இங்கே வைப்பர் இருந்தது. நல்ல வெயிலில் வைப்பர் ஆடியது. பயத்தில் நடுப்பாதையில் காரை நிறுத்தி, கண்ணை மூடி, தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னேன்.

ஏன் நிறுத்தினாய் என்று, ஓடிவந்த பந்தயப் பாதை அதிகாரி கேட்டார். என் விரல் தானாக, பக்கத்து சீட்டில் இருந்த ஜெயத்தைக் காட்டியது. இவன்தான் பயத்தில் ஹாண்ட்பிரேக்கை இழுத்தான் என்றேன். ஜெயம் என்னைப் பார்த்தான். பிறகு ஆமென்று தலையாட்டினான். இனி அவனுக்கு அந்தப் பாதையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏனடா ஒத்துக்கொண்டனி?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னால உன்னைப் பொய்யன் எண்டு சொல்லச் சொல்லுறியே?"

உண்மை முந்திவிடுமோ என்ற பயத்தில், ஒக்லாந்து திரும்பியதும் ஜெயம் ஹாண்ட்பிரேக்கை இழுத்த கதையை நானே பரப்பினேன். தகனினிப் பக்கம் எங்கள் ஆட்கள் வைக்கும் பிறந்தநாள் விழாக்களில் அதை நடித்துக் காட்டும்படி என்னைத்தான் கேட்கிறார்கள். நடிக்கிறேன். ஜெயமும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறான். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.